நெல் குவிந்தும் துண்டு விழுவது ஏன்?

அன்புள்ள ஐயா,

பஞ்சாப் அரசின் பட்ஜெட்டில் துண்டு விழுவது பற்றிய உங்கள் குறிப்பில் ஒன்று இடிக்கிறது. நாட்டுக்கே கோதுமை கொடுக்கும் மாநிலம். விளைச்சலில் குறையில்லை, விளைந்ததை ஆதரவு விலை கொடுத்து அரசே எடுத்துக்கொள்கிறது. பிறகு ஏன் ஆண்டுதோறும் பட்ஜெட்டில் துண்டு விழுகிறது? ஊழல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ரா.

அன்புள்ள ரா.,

ஊழலே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது இல்லாவிட்டாலும் துண்டு விழும். விவசாயி கைக்கு வரும் பணத்தில் மாநிலக் கஜானாவுக்கு வந்து சேர்வது மிகக் கொஞ்சம்.

வேளாண் வருமானத்துக்கு மத்திய அரசு வரி போட முடியாது. அரசியல் சட்டப்படி அது மாநிலத்தின் உரிமை. தேயிலை, காப்பித் தோட்டங்களிடம் சில மாநிலங்கள் வசூலித்ததுண்டு. பெரிய கோதுமைப் பண்ணைக்காரரிடம் போய்க் கேட்க பஞ்சாபில் எந்தக் கட்சிக்குத் துணிச்சல் வரும்? மிச்சமிருந்தது தானியத்தின் மீதான கொள்முதல் வரி. 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் அதுவும் போயிற்று. மண்டிக் கட்டணம் இருக்கிறது, அது சந்தைக்கும் கிராமச் சாலைக்குமானது.

இதில் வேடிக்கை, அந்தக் கொள்முதலே மாநிலத்தைக் கடனாளியாக்கியதுதான். மாநில நிறுவனங்கள் வங்கிக் கடன் வாங்கித் தானியத்தை எடுத்து, மத்திய அரசின் இந்திய உணவுக் கழகத்திடம் ஒப்படைக்கின்றன. ஆன செலவும் திரும்பி வந்த தொகையும் ஒத்துப்போகவில்லை. பல ஆண்டுகள் வட்டியோடு சேர்ந்த அந்த வித்தியாசம், ஏறத்தாழ 31,000 கோடி ரூபாய், 2017 வாக்கில் நீண்டகாலக் கடனாக மாநிலத்தின் தலையில் ஏறியது. ஊருக்குச் சோறு போட்ட கணக்கில் வந்த கடன்!

சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகியவை எல்லா மாநிலத்துக்கும் உள்ள கதை. பஞ்சாபுக்கே உரியது பம்ப்செட். இடையில் சில ஆண்டுகள் தவிர, 1997 முதல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம். 2025-26 பட்ஜெட்டில் இதற்கு மட்டும் ஏறத்தாழ 10,000 கோடி. இதில் அதிகம் பயன்பெறுவது ஆழமான ஆழ்துளைக் கிணறும் பெரிய மோட்டாரும் வைத்திருப்பவர்தான், இரண்டு ஏக்கர்காரர் அல்ல என்பது என் முக்கியமான மனக்குறை. நிலத்தடி நீர் இறங்க இறங்க, அதே நெல்லுக்கு இன்னும் கூடுதல் மின்சாரம்.

மழை பொய்த்த ஆண்டிலும் அங்கே நெல் பெரிதாகக் குறைவதில்லை. மோட்டார் கூடுதல் நேரம் ஓடும், அவ்வளவுதான். அந்த ஆண்டின் விளைச்சல் கணக்கை மட்டும் பார்த்தால் உங்கள் சந்தேகம் நியாயமாகவே தோன்றும். பக்கத்திலேயே மின் மானியக் கணக்கையும் வைத்துப் பாருங்கள்.