ரூமுக்குக் காசு கட்டியாச்சு, அப்புறம் எதற்கு டெபாசிட்?

கேள்வி: குடும்பத்தோடு சிங்கப்பூர் போய் வந்தோம். ஹோட்டலுக்கு இங்கிருந்தே ஆன்லைனில் முழுப் பணமும் கட்டிவிட்டோம். போய் இறங்கினால் கவுண்டரில் 200 டாலர் டெபாசிட் கேட்டார்கள். என் கணவர் டெபிட் கார்டை நீட்ட, கணக்கில் 13,000 ரூபாய்ச் சொச்சம் குறைந்துவிட்டது. காலி செய்யும்போது "ரிலீஸ் பண்ணியாச்சு" என்றார்கள். ஒன்பது நாள் ஆகிறது, பணம் வரவில்லை. ஹோட்டலைக் கேட்டால் பேங்க்கைக் கேளுங்கள் என்கிறார்கள், பேங்க்கில் ஹோட்டலைக் கேளுங்கள் என்கிறார்கள். ஏமாந்துவிட்டோமா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: ஏமாறவில்லை. அநேகமாக அந்தப் பணம் உங்கள் பேங்க்கை விட்டு வெளியே போகவே இல்லை.

ஹோட்டல்காரர்கள் டெபாசிட் என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு, கவுண்டரில் நிற்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒன்று ஹோல்டு. "இந்த 200 டாலரை இவர் செலவு பண்ணாமல் பிடித்து வையுங்கள்" என்று ஹோட்டல் உங்கள் பேங்க்குக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். இன்னொன்று சார்ஜ், அதாவது நிஜமாகவே பணத்தை எடுத்துக்கொண்டு, கிளம்பும்போது ரீஃபண்ட் போடுவது. "ரிலீஸ்" என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்தியதால் உங்களுடையது ஹோல்டு என்றே நினைக்கிறேன். கிரெடிட் கார்டாக இருந்தால் லிமிட் கொஞ்சம் குறைந்திருக்கும், நீங்கள் கவனித்தே இருக்க மாட்டீர்கள். டெபிட் கார்டில் முடங்குவது உங்கள் சொந்தச் சேமிப்பு. சில பேங்குகள் அதைப் பணம் போய்விட்ட மாதிரியே காட்டும், அதைப் பார்த்துத்தான் வயிற்றைக் கலக்குகிறது.

ஹோட்டல் விடுவித்த பிறகும் பேங்க் அதைத் தன் பக்கத்தில் நீக்க வேண்டும். வெளிநாட்டு ஹோல்டு என்றால் ஒன்றிரண்டு வாரம் இழுப்பது சாதாரணம், சில கார்டுகளில் ஒரு மாதம்கூட ஆகும். இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, "பணம் எப்போ வரும்" என்று போனில் கேட்பதை நிறுத்திவிட்டு ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் போடுவது. டெபாசிட் எடுத்த தேதி, தொகை, கார்டின் கடைசி நான்கு எண்கள், கார்டு தேய்த்தபோது வந்த சீட்டில் இருக்கும் அப்ரூவல் கோடு (பேங்க் அனுமதி தந்ததற்கான குறியீடு), ஹோல்டை விடுவித்த தேதி, இவை எல்லாம் உள்ள ஒரு கடிதம் கேளுங்கள். அதை பேங்க்கில் கொடுத்துப் புகார் எண் வாங்கிவிட்டால் இந்தப் பந்தாட்டம் நிற்கும். அப்ரூவல் கோடு இல்லாமல் போனால் கிளையில் இருப்பவருக்கு எதைத் தேடுவது என்றே தெரியாது, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்த முறை கவுண்டரில் கார்டை நீட்டுவதற்கு முன்னால் "இது ஹோல்டா, சார்ஜா?" என்று கேளுங்கள். சார்ஜ் என்றால் எனக்குப் பிடிக்காது. எடுக்கிற நாள் ஒரு ரேட், திருப்பித் தருகிற நாள் வேறொரு ரேட், நடுவில் பேங்க்கின் ஃபாரெக்ஸ் மார்க்கப் (வெளிநாட்டுப் பணத்தை மாற்றுவதற்கு பேங்க் வாங்கும் கூடுதல் கட்டணம்), அதன் மேல் 18% ஜிஎஸ்டி. 200 டாலர் கொடுத்து 200 டாலரே திரும்ப வந்தாலும் ரூபாயில் குறைந்திருக்கும். இன்னொன்று, மினி பாரில் எடுத்த சோடாவுக்குத் தனியாகக் கார்டு தேய்த்துவிட்டால் பழைய ஹோல்டு அப்படியே தொங்கும். "அந்த ஹோல்டிலேயே கழித்துக்கொண்டு மீதியை விடுங்கள்" என்று சொல்லுங்கள்.

ரொக்கமாகக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதில் வேறு தொல்லை. கோலாலம்பூரில் ஒரு சின்ன ஹோட்டலில் 100 ரிங்கிட் டெபாசிட் கட்டினேன். விடிகாலை நாலு மணிக்கு விமானத்துக்குக் கிளம்புகிறேன், கவுண்டரில் இருந்த பையனிடம் கல்லாச் சாவி இல்லை. மேனேஜர் எட்டு மணிக்குத்தான் வருவாராம். 100 ரிங்கிட்டா, விமானமா? விமானம்தான். அதிலிருந்து விடிகாலை கிளம்புவதாக இருந்தால் முந்தின ராத்திரியே டெபாசிட்டை வாங்கி வைத்துவிடுகிறேன்.

அப்புறம் மலேசியா போகிறவர்களுக்கு: அங்கே வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு, 2017இல் இருந்து வாங்குகிறார்கள். இது திரும்பி வராது, இதை டெபாசிட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கணக்கு ரூமுக்குத்தான், ஆளுக்கு இல்லை. புக்கிங் தளத்திலேயே கட்டிவிட்டீர்கள் என்றால் ரசீதைக் காட்டுங்கள், கவுண்டரில் மறுபடி கேட்பது நடக்கிறது. சிங்கப்பூரில் விலைக்குப் பக்கத்தில் "++" என்று போட்டிருந்தால் 10% சர்வீஸ் சார்ஜ், அதையும் சேர்த்த தொகை மேல் 9% ஜிஎஸ்டி. 200 டாலர் ரூம் 239.80 ஆகிவிடும்.

கேள்வி: கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் ரூம் 2,500 என்று போனில் சொன்னார்கள். காலையில் பில் 4,851. எக்ஸ்ட்ரா பெட் 800, ஹீட்டர் 400, கேம்ப் ஃபயர் 500, சர்வீஸ் சார்ஜ் 420, அதற்கு மேல் ஜிஎஸ்டி 231. சண்டை போட்டும் குறைக்கவில்லை. இதெல்லாம் சட்டப்படி சரியா?
(வாசகர், மதுரை)

பதில்: எல்லாம் தப்பும் இல்லை, எல்லாம் சரியும் இல்லை. எக்ஸ்ட்ரா பெட் நீங்கள் கேட்டு வாங்கியது என்றால் கொடுக்க வேண்டியதுதான் (பெட் என்று தரையில் ஒரு மெத்தையைப் போட்டிருப்பார்கள், அது தனிச் சோகம்). ஹீட்டரும் அப்படித்தான், முன்கூட்டியே காசு என்று சொல்லியிருந்தால். கேம்ப் ஃபயருக்கு நீங்கள் போகவே இல்லை என்றால் 500 ரூபாய் எதற்கு? "எல்லா ரூமுக்கும் போடுறோம் சார்" என்பது ஒரு பதிலே இல்லை.

சர்வீஸ் சார்ஜைத்தான் நீங்கள் விட்டிருக்கக் கூடாது. ஹோட்டல்களும் உணவகங்களும் அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. விருப்பம் இருந்தால் கொடுக்கலாம், கட்டாயம் கிடையாது. உங்கள் பில்லில் அந்த 420க்கும் சேர்த்து ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள், கூட்டிப் பாருங்கள். நீக்கச் சொல்லியும் மறுத்தால் அங்கே நின்றுகொண்டே 1915க்குப் போன் போடலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண். பல இடங்களில் எண்ணை அழுத்துவதற்குள்ளேயே புதுப் பில் வந்துவிடும். ஊருக்கு வந்த பிறகும் பில்லை வைத்துக்கொண்டு அதே எண்ணில் புகார் செய்யலாம்.

ஜிஎஸ்டி 5% என்பது சரியான விகிதம், 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூம்களுக்கு அதுதான். ஆனால் பில்லில் அவர்களுடைய 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கிறதா பாருங்கள். பதிவே செய்யாத லாட்ஜ் ஜிஎஸ்டி என்று ஒரு பைசா வாங்க முடியாது, வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்த "ஜிஎஸ்டி" நேராக முதலாளி பைக்குப் போகிறது.

போனில் ரேட் கேட்பவர்கள் "ரூம் எவ்வளவு?" என்று கேட்காமல், "நாங்க நாலு பேர், ஒரு எக்ஸ்ட்ரா பெட், காலைல கிளம்பும்போது மொத்தமா எவ்வளவு கொடுக்கணும், வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க" என்று கேளுங்கள். காலி செய்கிற நேரத்தையும் கேளுங்கள். 24 மணி நேரக் கணக்கா, பகல் பன்னிரண்டா என்று தெரியாமல் போய் அரை நாள் வாடகை கட்டியவர்கள் ஏராளம். டிசம்பர் 31க்கு ரிசார்ட் புக் செய்தால் கட்டாய விருந்து என்று தலைக்கு ஒரு தொகை ஒளிந்திருக்கும், அதையும் கேட்க வேண்டும்.

கேள்வி: திருமண நாளுக்காக ஒரு பெரிய ஹோட்டலில் 7,200 ரூபாய்க்கு ரூம் போட்டேன். கவுண்டரில் "500 மட்டும் கூடக் கொடுங்க சார், பெரிய ரூம் தர்றோம்" என்றார்கள். சரி என்றேன். பில்லில் 1,500க்கு மேல் ஏறியிருக்கிறது. எப்படி?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இது கணக்கில் தப்பில்லை, சொன்ன விதத்தில்தான் தப்பு. 7,200க்கு 5% ஜிஎஸ்டி, மொத்தம் 7,560. நீங்கள் 500 சேர்த்ததும் வாடகை 7,700 ஆகி 7,500ஐத் தாண்டிவிட்டது. தாண்டினால் 18%, கூடுதலாகக் கொடுத்த தொகைக்கு மட்டும் இல்லை, முழு 7,700க்கும். ஆக 9,086. உங்கள் 500 ரூபாய் அப்கிரேடின் நிஜ விலை 1,526. கவுண்டரில் இருந்தவருக்கு இது தெரியாமல் இருக்காது. "வரியோடு எவ்வளவு?" என்று கேட்டிருந்தால் அவரே "7,500ஐத் தாண்டாம 299 ரூபாய்க்குள்ள முடிச்சுத் தர்றேன்" என்று இறங்கி வந்திருக்கலாம்.

இலவச அப்கிரேடுக்கு இந்த வம்பு இல்லை, நீங்கள் கொடுக்கிற வாடகைக்குத்தான் வரி. கேட்டால் கிடைக்குமா என்றால், கிடைக்கும், எல்லா நாளும் இல்லை. தொழில் நிமித்தம் ஆட்கள் தங்கும் நகர ஹோட்டல்களில் வார இறுதி காலியாக இருக்கும், மலை ஊரில் நேர் எதிர். ஹோட்டலிலேயே நேராகப் புக் செய்தவர்களுக்குக் கொஞ்சம் மனம் இரங்குவார்கள், இடைத்தரகர் தளத்துக்குக் கமிஷன் போகவில்லை அல்லவா. இரண்டு நாள் முன்பே "எங்க கல்யாண நாள்" என்று ஒரு வரி அனுப்பிவைத்துவிட்டு, சாயங்காலமாகப் போய்ச் சிரித்த முகத்தோடு கேளுங்கள், பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது கேட்காதீர்கள். கொடுத்தால், கையெழுத்துப் போடும் பதிவுப் படிவத்தில் பழைய வாடகையே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: துபாய் ஹோட்டலில் கார்டு மெஷின் "ரூபாயா, திர்ஹமா?" என்று கேட்கிறது. எதை அழுத்துவது?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: திர்ஹம். ரூபாயை அழுத்தினால் அந்த மெஷின்காரர் தன் லாபத்தையும் சேர்த்து ஒரு ரேட் போடுவார், நம் பேங்க் ரேட்டைவிட அது பெரும்பாலும் மோசம். கடைக்காரர் உங்களைக் கேட்காமலே ரூபாயை அழுத்திவிட்டால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம், கூச்சப்பட வேண்டாம். துபாய் பில்லில் "டூரிசம் திர்ஹம்" என்று ஒன்று இருக்கும், நட்சத்திரத்தைப் பொறுத்து ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 7 முதல் 20 திர்ஹம் வரை. அது அரசுக் கட்டணம், அதற்குச் சண்டை போட்டுப் பயனில்லை.