எத்தனை மணிக்கு வண்டி வந்தது?

கேள்வி: டாக்டர் அம்மா, என் அண்ணி இரண்டாவது பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்காமல் போன மாதம் இறந்துவிட்டார். குழந்தை நலம். காரியம் முடிவதற்குள் சுகாதார நிலையத்திலிருந்து வந்து, எப்போது வலி கண்டது, எந்த வண்டியில் போனீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். இப்போது ஆட்சியர் கூட்டத்துக்கும் வரச் சொல்கிறார்கள். பழியை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்களா? அம்மா பயந்து அழுகிறார்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தம்பி, உங்கள் அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள்: இது போலீஸ் விசாரணை அல்ல. தமிழ்நாட்டில் 1994 முதல் பிரசவ மரணங்களை இப்படி விசாரிக்கிறார்கள். யார்மீதும் பழி சுமத்தக் கூடாது என்பது இதன் அடிப்படை விதி.

நான் பணியில் சேர்ந்த புதிதில், மரணக் காரணம் என்ற இடத்தில் ‘இரத்தப்போக்கு’ என்று ஒரே சொல்லை எழுதிக் கோப்பை மூடியிருக்கிறேன். அது தவறு என்று ஒரு திண்ணையில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அந்த வீட்டு மாமியாருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. “பால் வண்டி போறப்ப புள்ள பொறந்துச்சு, உதிரம் நிக்கல. பள்ளிக்கூட மணி அடிக்கிறப்பதான் வேன் கெடச்சுது” என்றார். வண்டிக்கே மூன்று மணி நேரம்! கடும் இரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடும். பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் தேடி ஓடியதில் மீதிப் பொழுதும் போயிற்று. ‘இரத்தப்போக்கு’ என்ற சொல்லுக்குள் வேனும் இல்லை, இரத்த வங்கியும் இல்லை.

வீட்டில் புறப்படத் தயங்கிய நேரம், வழியில் போன நேரம், ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரம் என்று மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் எதைச் சரிசெய்வது என்று தெரியும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் முறை மாற்றி இரவும் பகலும் இருப்பது, அறுவைச் சிகிச்சையும் இரத்தமும் ஒரே இடத்தில் கிடைக்கும் சீமாங் மையங்கள், 2008-இல் வந்த 108 வண்டி எல்லாமே அந்த நேரத்தைக் குறைப்பதற்குத்தான். 2001-03-இல் ஒரு லட்சம் பிறப்புக்கு 134 தாய்மார் இறந்தார்கள், 2018-20-இல் 54. பக்கத்துக் கேரளத்தில் அப்போது 19. ஆகவே 54 என்ற எண்ணில் என் மனம் ஆறவில்லை.

கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். மருத்துவத் தரப்பும் அங்கே பதில் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் காக்க வைத்திருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். வீட்டில் தாமதித்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். அம்மாவால் பேச முடியாவிட்டால் அண்ணனும் நீங்களும் போனால் போதும். 108-ஐ அழைத்த நேரம் அண்ணனின் கைபேசியில் இன்னும் பதிவாகி இருக்கலாம். அது அழிவதற்குள் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.