சின்ன மில்லிங் மெஷினுக்கு எந்த எண்ட் மில்?

கேள்வி: வீட்டுப் பட்டறையில் 500 வாட் மோட்டார், அதிகபட்சம் 2500 ஆர்பிஎம் ஓடும் சின்ன மில்லிங் மெஷின் வைத்திருக்கிறேன். ஆன்லைனில் தங்க நிற எண்ட் மில் (சுழன்று உலோகத்தைச் செதுக்கும் கட்டர்) செட் ஒன்றும், 6 மி.மீ. கார்பைடு (டங்ஸ்டன் கலந்த கடினப் பொருள்) எண்ட் மில் ஒன்றும் வாங்கினேன். எம்எஸ் (மென் எஃகு) பட்டையில் ஓட்டினால் கார்பைடின் முனை உதிர்கிறது. செட்டில் உள்ளவை கீச்சிடுகின்றன. இன்னும் விலை கூடிய கார்பைடு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் மெஷினுக்கு ஏற்றது நல்ல எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) எண்ட் மில்தான். கணக்கைப் பாருங்கள். வெட்டு வேகத்தை (மீட்டர்/நிமிடம்) 1000-ஆல் பெருக்கி, 3.14-ஆலும் கட்டர் விட்டத்தாலும் (மி.மீ.) வகுத்தால் ஆர்பிஎம் கிடைக்கும். எம்எஸ்ஸில் கார்பைடுக்கு 90 மீட்டர் என்று வைத்தால் 6 மி.மீ. கட்டர் 4800 சுற்றாவது ஓட வேண்டும். உங்களிடம் அதில் பாதிதான் இருக்கிறது. எச்எஸ்எஸ்ஸுக்கு 25 மீட்டர் போதும்: 6 மி.மீ.க்கு சுமார் 1300, 10 மி.மீ.க்கு 800.

கார்பைடு கடினமானது, ஆனால் அதிர்வு தாங்காது. சின்ன மெஷினில் டேபிளை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவில் பேக்லாஷும் (திருகுக்கும் நட்டுக்கும் இடையிலான தளர்வு) மெஷினின் தூண் நடுங்குவதும் சகஜம். கட்டர் சுழலும் திசையிலேயே டேபிளைத் தள்ளினால், பேக்லாஷ் அளவுக்கு ஜாப் (வெட்டப்படும் துண்டு) திடீரென்று கட்டருக்குள் இழுபடும். அந்த ஒரு நொடியில் முனை போய்விடும். எதிர்த்திசையில் ஃபீட் கொடுங்கள், அதாவது டேபிளை நகர்த்துங்கள்.

செட்டும் வேண்டாம். தங்க நிறம் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு மட்டுமே. அடியில் என்ன ஸ்டீல் என்று அது சொல்லாது. எச்எஸ்எஸ்ஸில் எம்2 அல்லது 5 சதவீதம் கோபால்ட் கலந்த எம்35 என்று கிரேடு போட்டு விற்கும் எண்ட் மில்லாகப் பாருங்கள். சென்னை அடிசன், மிராண்டா, கொரியாவின் ஒய்ஜி-1 போன்ற பிராண்டுகள் டூல்ஸ் கடைகளில் ஒற்றையாகவே கிடைக்கும். எம்எஸ்ஸுக்கு 6, 10 மி.மீ. 4 ஃப்ளூட்டில் (ஃப்ளூட் என்பது துருவல் வெளியேறும் பள்ளம்) ஒவ்வொன்று, அலுமினியத்துக்கும் காடி (நீளப் பள்ளம்) வெட்டவும் அதே அளவுகளில் 2 ஃப்ளூட்டில் ஒவ்வொன்று. ஆரம்பத்துக்கு இந்த நான்கே போதும்.

கேள்வி: எண்ட் மில்லை டிரில் சக்கில் (டிரில் பிட்டைப் பிடிக்கும் பிடி) மாட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. டிரில் சக் கீழ்நோக்கிய அழுத்தத்துக்குச் செய்தது. பக்கவாட்டு விசை வந்தால் எண்ட் மில் மெல்ல நழுவி ஜாப்புக்குள் இறங்கும், அல்லது சக்கே அதைத் தாங்கும் கூம்பிலிருந்து (டேப்பர்) கழன்று விழும். டிராபார் (மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் நீளப் போல்ட்) போட்டு இறுக்கும் ஈஆர்25 கோலெட் சக் வாங்குங்கள்; கோலெட் என்பது கட்டரைச் சுற்றி இறுக்கும் பிளவுபட்ட வளையம். பணம் குறைவு என்றால் இரண்டு எண்ட் மில்லைத் தள்ளிப்போட்டாவது இதை வாங்க வேண்டும். ஷாங்கில் (எண்ட் மில்லின் பிடிபகுதி) டயல் இண்டிகேட்டர் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள், ரன்அவுட் (சுழலும்போது மையம் விலகி ஆடும் அளவு) 0.02 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். 0.05 என்றால், பல்லுக்கு 0.02 மி.மீ. ஃபீட் கொடுக்கும் இடத்தில் ஒரு பல்லே பெரும்பாலான வேலையைச் செய்யும். அதுதான் முதலில் மழுங்கும், பிறகு உடையும்.

கோலெட்டை முதலில் நட்டுக்குள் சாய்த்து அழுத்தி, 'க்ளிக்' என்று உட்கார வைத்த பிறகே சக்கில் ஏற்றுங்கள். சும்மா உள்ளே போட்டு நட்டை இறுக்கினால் ரன்அவுட் கூடும். கழற்றும்போது கோலெட் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். எண்ட் மில் வெளியே நீட்டும் நீளமும் முக்கியம்: இரண்டு மடங்கு நீட்டினால் வளைவு எட்டு மடங்கு.

கேள்வி: அலுமினியத்தில் ஓட்டினால் ஃப்ளூட் அடைத்துக்கொள்கிறது. கட்டர் கறுப்புப் பூச்சு போட்டது. பூச்சு மட்டமா?

பதில்: பூச்சு மட்டமல்ல, பொருத்தமில்லாதது. கறுப்பு, கருஊதா நிறத்தில் வருபவை பெரும்பாலும் அலுமினியம் கலந்த நைட்ரைடு பூச்சுகள், ஸ்டீலுக்கானவை. அலுமினியம் அவற்றில் எளிதாக ஒட்டும். பூச்சில்லாத, பளபளப்பான 2 ஃப்ளூட் வாங்கி, துருவலைப் பிரஷ்ஷாலோ காற்றாலோ அகற்றிக்கொண்டே ஓட்டுங்கள். கட்டிங் ஆயில் சில சொட்டு விட்டால் ஒட்டுவது குறையும்.

கேள்வி: கடையில் கையில் வாங்கியதும் எதைப் பார்ப்பது?

பதில்: வெட்டும் விளிம்பைத்தான். 10 மடங்கு லென்ஸில், விளக்கின் கீழ் மெல்லச் சுற்றிப் பாருங்கள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது. இருட்டான கோடாகவே தெரியும். அதன் மேல் வெள்ளை இழையோ புள்ளியோ மின்னினால் அங்கே மழுங்கலோ உடைசலோ இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடிமுகத்தில் ஒரு பல்லாவது நடுமையத்தைத் தாண்டி வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நடுவில் குழி இருந்தால் அந்த எண்ட் மில்லை நேராகக் கீழே இறக்க முடியாது, பக்கவாட்டில்தான் வெட்டும். மைக்ரோமீட்டர் இருந்தால் ஷாங்கையும் அளந்துவிடுங்கள். எச்6 டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் விலகல்) என்று போட்ட 6 மி.மீ. ஷாங்க் 5.992-க்குக் கீழே போகக் கூடாது.

கேள்வி: மழுங்கியதைச் சாணை பிடிக்கலாமா?

பதில்: அடிப்பற்களை மட்டும் தீட்டலாம், அதுவும் எல்லாப் பற்களையும் ஒரே கோணத்தில் பிடிக்கும் ஃபிக்ஸ்சர் இருந்தால். பக்கப் பற்களைத் தீட்டினால் விட்டம் குறைந்துவிடும். அதன் பிறகு அந்த 10 மி.மீ. எண்ட் மில்லால் 10 மி.மீ. காடியை ஒரே ஓட்டத்தில் எடுக்க முடியாது.