உப்புநீர் ஏன் வடிதாளில் நிற்பதில்லை? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். இப்போது அறிவியலில் கலவைகள் பாடம் நடக்கிறது. 'கலவை' என்று ஒரு பக்கம், 'பிரிக்கும் முறை' என்று எதிர்ப்பக்கம் போட்டு ஓர் அட்டவணை கொடுத்திருக்கிறார்கள். மணலும் நீரும் என்றால் வடிகட்டுதல், உப்பும் நீரும் என்றால் ஆவியாக்குதல், இப்படி. அதை அப்படியே மனப்பாடம் செய்திருந்தாள். தேர்வில் உப்பு, மணல், இரும்புத்தூள், மரத்தூள் நான்கையும் ஒன்றாகக் கலந்து கேட்டுவிட்டார்கள். அட்டவணையில் அது இல்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள்.

அவளுக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. பால் பார்வைக்கு ஒரே சீராகத்தானே இருக்கிறது, அதைப் போய் ஏன் பலபடித்தான கலவை என்கிறார்கள்? எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. நெட்டுரு போடாமல் இந்தப் பாடத்தைப் புரிந்துகொள்ள வழி உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உண்டு. அட்டவணையைக் கொஞ்ச நாள் மூடிவைக்கச் சொல்லுங்கள். அதிலுள்ள விடைகள் சரியானவைதான். ஆனால் அவை எந்தக் கேள்விக்கான விடைகள் என்று அட்டவணை சொல்வதில்லை. கேள்வி இதுதான்: கலந்து கிடக்கும் பொருள்கள் எந்தக் குணத்தில் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன? அதைக் கண்டுபிடித்துவிட்டால் முறை தானாக வந்துவிடும்.

இப்படிக் கேட்க முடிவதே, கலவையில் ஒவ்வொரு பொருளும் தன் குணத்தை விடாமல் வைத்திருப்பதால்தான். இரும்புத்தூளையும் கந்தகப்பொடியையும் கலந்து பாருங்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் சாம்பல் பூத்த மஞ்சளாக ஒரே தூள். லென்ஸை வைத்துப் பார்த்தால் கருந்துகள் தனி, மஞ்சள் துகள் தனி. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் இரும்பு எழுந்து வந்து ஒட்டிக்கொள்ளும், கந்தகம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். இதே தூளை ஆய்வகத்தில் ஆசிரியர் சூடாக்கிக் காட்டினால், ஓரிடத்தில் தொடங்கும் செந்தணல் தூள் முழுக்கப் பரவும். ஆறிய பிறகு மிஞ்சுவது கறுத்த கட்டி, இரும்பு சல்பைடு. இப்போது காந்தம் எடுபடாது. முன்பு எந்த அளவில் வேண்டுமானாலும் கலக்க முடிந்தது. இப்போது 7 கிராம் இரும்புக்கு 4 கிராம் கந்தகம் என்று கணக்கு வந்துவிட்டது. கூடுதலாகப் போட்டது சேராமல் தனியே நிற்கும். இது சேர்மம். காந்தமும் வடிதாளும் இங்கே உதவாது.

சரி, தேர்வில் வந்த அந்த நான்கு பொருளுக்கு வருவோம். நல்ல கேள்வி அது. என்னைக் கேட்டால் அட்டவணையைவிட அந்தக் கேள்விதான் பாடத்தை நன்றாக நடத்துகிறது.

காந்தத்தால் ஈர்க்கப்படுவது இரும்பு ஒன்றுதான். ஆகவே முதலில் காந்தம். அதை ஒரு தாளில் சுற்றிக்கொண்டால் நல்லது. பிறகு தாளை உருவினால் தூள் உதிர்ந்துவிடும், இல்லாவிட்டால் காந்தத்திலிருந்து சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டும். இதைத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஈரமானால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இரும்பு துருப்பிடிக்கவும் ஆரம்பிக்கும். அப்புறம் தண்ணீர். உப்பு கரையும், மணல் அடியில் படியும், மரத்தூள் மேலே மிதக்கும். மரத்தூளை உடனே வழித்தெடுக்க வேண்டும். ஊறினால் அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக மூழ்கத் தொடங்கும். மீதியை வடிதாளில் ஊற்றினால் மணல் தங்கும், உப்புநீர் இறங்கும்.

இந்த இடத்தில் பலர் விட்டுவிடும் ஒரு வேலை உண்டு. வடிதாளில் இருக்கும் மணல் இன்னும் உப்புநீரில் நனைந்துதான் இருக்கிறது. அப்படியே காயவிட்டால் மணலோடு உப்பும் சேர்ந்தே காயும். அதனால் மேலே கொஞ்சம் நல்ல தண்ணீர் விட்டு அலசி, அந்த நீரையும் கீழே உள்ளதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். வழித்தெடுத்த மரத்தூளுக்கும் இதே அலசல்தான். கடைசியாக உப்புநீரை ஆவியாக்கினால் உப்பு கிடைக்கும். அவசரமாகக் கொதிக்கவைத்து வற்றவிட்டால் உப்பு வெடித்துத் தெறிக்கும், கிடைப்பதும் வெறும் பொடி. தட்டையான பாத்திரத்தில் ஊற்றி நிதானமாக உலரவிட்டால் குட்டிக் குட்டிச் சதுரக் கட்டிகளாகப் படிகம் விளையும்.

உப்புநீரை ஏன் வடிகட்டிப் பிரிக்க முடியாது என்பதற்கும் பால் ஏன் ஒருபடித்தானது (எங்கும் ஒரே சீரானது) இல்லை, பலபடித்தானது என்பதற்கும் பதில் ஒன்றுதான்: துகளின் அளவு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக வெட்டினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நீரில் கரைந்த உப்பு அதைவிடச் சிறிய துகளாகப் பிரிந்து பரவிவிடுகிறது. வடிதாளின் துளைகள் ஆயிரக்கணக்கான நானோமீட்டர் அகலம். கால்பந்து வலையை வைத்து மணலைத் தடுக்கப் பார்ப்பது மாதிரிதான். (கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் உப்பைத் தடுக்கும் மெல்லிய படலங்கள் உண்டு, ஆனால் நீரை அவற்றின் வழியே பெரும் அழுத்தம் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது.)

துகள் 1 நானோமீட்டருக்குள் இருந்தால் கரைசல். 1000-ஐத் தாண்டினால் தொங்கல். கலங்கல் நீரைப் போல, விட்டுவைத்தால் படிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது கூழ்மம். பால் இந்த வகையில் வருகிறது. அதிலுள்ள புரதத் துகள்கள் சில நூறு நானோமீட்டர் வரை பெரியவை, கொழுப்புத் துளிகளில் பல அதைவிடவும் பெரியவை. நம் கண்ணுக்கு இவை எட்டாது, அதனால் ஒரே சீராகத் தெரிகிறது. நுண்ணோக்கியில் ஒரு சொட்டை வைத்தால் கொழுப்புத் துளிகள் உருண்டை உருண்டையாகத் தெரிந்துவிடும். ஒருபடித்தான கலவை என்று சொல்ல, கண்ணுக்கு ஒரே சீராகத் தெரிந்தால் போதாது. பாடநூல்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. குழப்பம் உங்கள் மகளுடையது அல்ல.

நுண்ணோக்கி இல்லாமலும் பார்க்கலாம். இரண்டு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் உப்பைக் கரையுங்கள். மற்றதில் இரண்டு மூன்று சொட்டு பால் விடுங்கள். அறையை இருட்டாக்கிவிட்டு, டார்ச் ஒளியை மெல்லிய கீற்றாகப் பக்கவாட்டில் பாய்ச்சுங்கள். உப்புநீருக்குள் ஒளி போகும் பாதை ஏறக்குறையத் தெரியாது. பால் கலந்த நீரில் கீற்று பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அந்தத் துகள்கள் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் ஜான் டிண்டால் இதை ஆராய்ந்ததால் டிண்டால் விளைவு என்று பெயர்.

பாலைச் சாதாரண வடிதாளில் ஊற்றிப் பிரித்துவிட முடியாது. ஆனால் கொழுப்பு நீரைவிட இலேசானது. கறந்த பாலை அசையாமல் வைத்தால் மேலே ஏடாகத் திரளும். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் மைய விலக்குக் கருவியில் வேகமாகச் சுழற்றலாம். இரத்தத்திலிருந்து செல்களையும் பிளாஸ்மா என்ற திரவப் பகுதியையும் பிரிப்பதும் இதே சுழற்சிதான்.

காய்ச்சி வடித்தலைப் பற்றி, அதாவது திரவத்தை ஆவியாக்கி அந்த ஆவியைக் குளிர்வித்துச் சேர்க்கும் முறையைப் பற்றி, ஒரு எச்சரிக்கை. ஆல்கஹாலின் கொதிநிலை 78 டிகிரி, நீருக்கு 100, ஆகவே 78-இல் ஆல்கஹால் மட்டும் ஆவியாகிப் போய்விடும் என்று எழுதவைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. கலவை கொதிக்கும்போது எழும் ஆவியில் இரண்டுமே இருக்கும், ஆல்கஹால் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். அதைக் குளிர்வித்து மறுபடியும் காய்ச்சினால் இன்னும் கூடும். பின்னக் காய்ச்சி வடித்தலில், உயரமான குழாய்க்குள் இந்த வேலை திரும்பத் திரும்ப நடக்கிறது. அப்படியும் ஆல்கஹாலின் பங்கு எடையில் ஏறத்தாழ 95.6 சதவீதத்தோடு நின்றுவிடும், மிச்ச நீரை எடுக்க வேறு வழி தேட வேண்டும். காற்றையும் திரவமாக்கி இந்த முறையில்தான் பிரிக்கிறார்கள். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கிறது, ஆர்கான் மைனஸ் 186, ஆக்சிஜன் மைனஸ் 183. கடைசி இரண்டுக்கும் இடைவெளி மூன்றே டிகிரி என்பதைக் கவனித்தீர்களா?

வேறுபாடு சிறியதாக இருந்தால் திரும்பத் திரும்பச் செய்வதுதான் வழி. மேரி கியூரியிடம் இருந்தது பேரியம் குளோரைடும் துளியளவு ரேடியம் குளோரைடும் கலந்த உப்பு. இரண்டும் வேதியியலில் உடன்பிறப்புகள். ஆனால் ரேடியம் குளோரைடு சற்றே குறைவாகக் கரையும். ஆகவே கரைசலில் படிகம் விளையும்போது, அந்தப் படிகத்தில் ரேடியத்தின் பங்கு கொஞ்சம் கூடியிருக்கும். அதை எடுத்து மறுபடி கரைத்து, மறுபடி படிகமாக்கி, மறுபடி கரைத்து என்று ஆண்டுக்கணக்கில் உழைத்தார். டன் கணக்கில் தாதுக் கழிவைச் சலித்து 1902-இல் கையில் கிடைத்தது ஏறத்தாழ 0.1 கிராம் ரேடியம் குளோரைடு. உங்கள் மகள் உப்புநீரை வைத்துச் செய்யும் அதே படிகமாக்கல்தான்.

வண்ணப்பிரிகையை, அதாவது கலந்த சாயங்களைத் தனித்தனியாக நகரவிட்டுப் பிரிக்கும் முறையை, வீட்டிலேயே செய்யலாம். வடிதாளை நீளமாக ஒரு பட்டையாக வெட்டி, அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் பென்சிலால் கோடு போட்டு, அதன்மேல் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி. கோட்டைப் பேனாவால் போட்டால் அந்த மையும் சேர்ந்து ஓடும். பட்டையின் நுனி மட்டும் தண்ணீரில் தொடட்டும், புள்ளி நனையக் கூடாது. தண்ணீர் தாளில் ஏற ஏற, மையின் சாயங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் கூடவே ஏறும். பல கறுப்பு மைகளுக்குள் நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாம் இருப்பது அப்போது தெரியும். மிகைல் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியலாளர் இலையின் பச்சையையும் மஞ்சளையும் சுண்ணாம்புத்தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் இப்படிப் பிரித்து 1906-இல் கட்டுரையாக வெளியிட்டார்.

அழியாத மை என்று விற்கும் மார்க்கரில் செய்தால் புள்ளி நகராது, ஏனென்றால் அந்தச் சாயம் நீரில் கரையாது. தண்ணீருக்குப் பதில் ஆல்கஹால் எடுத்தால் நகரும். அதை மட்டும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, அடுப்புக்கும் தீக்கும் தள்ளி, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யச் சொல்லுங்கள்.