கூலி வேலைக்குப் போகிறவர்களின் சின்னப் பிள்ளைகளுக்குச் செலவில்லாமல், கையால் செய்யவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

முடியும். நானே செய்தேன், செய்து மூக்கும் உடைபட்டேன். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் எந்த ஊர் என்று போடவில்லை. கேட்ட விதத்தைப் பார்த்தால் லீவுக்கு ஊருக்கு வந்து ஏதாவது நல்லது செய்யலாம் என்று நினைக்கிறவர் மாதிரி இருக்கிறது. தப்பில்லை. நான் பி.எட். எல்லாம் படித்தவள் இல்லை, பன்னிரண்டாம் வகுப்புதான். திருவாரூர் மாவட்டம் நன்னிலம் பக்கம் ஒரு கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இல்லம் தேடிக் கல்வி என்ற அரசின் மாலை வகுப்புத் திட்டம் 2021 கடைசியில் தொடங்கினபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாதம் ஆயிரம் ரூபாய். காசுக்காகத்தானே சேர்ந்தாய் என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், அதற்காகவும்தான்.

மாலை வகுப்பு என்னவோ பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குத்தான். ஆனால் அக்கா வந்தால் அவள் இடுப்பில் தம்பியும் வருவான். நடவு, களை என்று போகிற அம்மாக்கள் வீடு திரும்பி உலை வைப்பதற்குள் இருட்டிவிடும். அதுவரை சின்னதுகளை யார் பார்ப்பது? மூன்று வயது, நான்கு வயது என்று ஏழெட்டு வாண்டுகள் என் தலையில் விழுந்தன. பெரிய பிள்ளைகளுக்கு ஒரு கணக்காவது ஒழுங்காகப் போட வேண்டுமானால் இவர்களுக்கு ஏதாவது வேலை கொடுத்தாக வேண்டும். களிமண் வந்தது அப்படித்தான்.

உட்கார இடம் சமுதாயக்கூடத்துத் திண்ணை. பக்கத்திலேயே நல்ல நிழலாக ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது, வேண்டாம் என்றுவிட்டேன். கும்பகோணத்தில் 2004இல் தீயில் போன 94 பிள்ளைகளை நினைத்தால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கீற்றுக்கு அடியில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைக்க மனசு வராது.

மண்ணுக்கு டெல்டாவில் பஞ்சமா? வாய்க்கால் தூர்வாரிக் கரையில் கொட்டியதில் ஒரு சட்டி அள்ளிக்கொள்ளுங்கள். நத்தை ஓடு, கண்ணாடித் துண்டு, வேர் எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். முதல் ஒரு வாரம் எழுத்தே வேண்டாம். உருட்டட்டும், கிள்ளட்டும், முறுக்கு சுற்றட்டும். அந்த வயதில் விரலுக்குப் பென்சிலைப் பிடிக்கிற பலம் கிடையாது. அது இப்படிக் கிள்ளிக் கிள்ளித்தான் வரும்.

அப்புறம் எழுத்து. தயவுசெய்து அ, ஆ என்று தொடங்காதீர்கள். அ-வில் சுழி, வளைவு, நெட்டுக்கோடு எல்லாம் இருக்கிறது, சின்னக் கைக்கு அது மலை. ட-வுக்கு நிற்கிற கோடு ஒன்று, படுத்த கோடு ஒன்று, வேலை முடிந்தது. இன்னொரு கோடு சேர்த்தால் ப. அதைக் கொஞ்சம் வளைத்தால் ம. மண்ணைத் திரித்து இந்த மூன்றையும் செய்யத் தெரிந்த பிள்ளைக்குப் புளியங்கொட்டையைக் கொடுங்கள்.

எதற்கு என்றால், புள்ளிக்கு. ம-வின் தலையில் ஒரு புளியங்கொட்டையை வைத்தால் ம், எடுத்தால் மறுபடி ம. மெய்யெழுத்து, உயிர்மெய் என்று மூச்சுவிடாமல் விளக்கிப் பார்த்திருக்கிறேன், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே ஏறவில்லை. கொட்டையை வைத்து எடுத்ததில் நாலு வயசுக்கு ஏறியது. ப, ட, ம் என்று வரிசையாக வைத்துப் 'படம்' என்று படித்தார்கள். நான் சத்தமில்லாமல் கொட்டையை எடுத்துவிட்டுப் படிக்கச் சொன்னேன். "படம" என்று படித்துவிட்டு ஒரு வாண்டு உருண்டு உருண்டு சிரித்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில். துணைக்காலுக்கு ஈர்க்குச்சி. இரண்டு ப, நடுவில் கொட்டை வைத்த ஒரு ப், இரண்டு குச்சி: பாப்பா.

இதைப் படித்துவிட்டு யாராவது 'நெல்லைப் பரப்பி எழுதவைக்கலாமே, விஜயதசமிக்குச் செய்வோமே' என்று கீழே எழுதுவார்கள். கூத்தனூர் சரஸ்வதி கோயில் எங்களுக்குப் பக்கம்தான், நாங்களும் பார்த்திருக்கிறோம். அது ஒரு நாள் சடங்கு, தினம் செய்தால் நெல் சுணை பிஞ்சு விரலை அரித்துவிடும். அதுவுமில்லாமல் நெல் எங்கே இருக்கிறது? போன குறுவையில் என் மாமனார் அறுத்துக் கொண்டுபோய்க் கொட்டிய நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் ஒன்பது நாள் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதாம், எடுக்க மாட்டார்களாம். மழை பெய்தால் ஈரம் ஏறாமல் என்ன செய்யும்? தார்ப்பாய் வாடகை வேறு. அடி மூட்டை முளைத்தே போய்விட்டது. சரி, அதைப் பேசினால் பொழுது போதாது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், நாங்கள் நண்டு என்றுதான் கூப்பிடுவோம். எந்நேரமும் வரப்புப் பொந்துக்குள் கையை விட்டபடி இருப்பான். மண்ணைக் கொடுத்தால் நண்டு மட்டும்தான் செய்வான். சரியென்று அவன் நண்டுக்குப் பக்கத்தில் மண்ணில் ஒரு ந செய்து வைத்து, இதுதான் நண்டோட எழுத்து என்றேன். உற்றுப் பார்த்தான். "இதுக்கு ஒரு காலுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கீழே இறங்குகிற அந்த வாலுக்குப் பக்கத்தில் இன்னும் கால்களை ஒட்டினான். ஒரு வாரம் அவனுடைய ந-வுக்கெல்லாம் எட்டுக் கால். நான் திருத்தவில்லை. அதற்கப்புறம் ஒருநாள் டவுன் பஸ் வந்து நின்றபோது, நன்னிலம் என்ற பலகையைக் காட்டி "நண்டு வருது, நண்டு வருது" என்று கத்தினான்.

அந்த வாரமே என் மூக்கும் உடைபட்டது. எங்கள் பகுதியில் நர்சரி நடத்துகிற ஒருவர், மண்ணில் விளையாடவா பிள்ளையை அனுப்புகிறீர்கள், எங்களிடம் வந்தால் ஏபிசிடி எழுதும் என்று தெருவில் சொல்லிவிட்டுப் போனார். மூன்று பேர் நின்றுவிட்டார்கள். அவர்மேல் எனக்குக் கோபம்தான், ஆனால் அது பெரிதில்லை. நண்டின் அம்மா வந்து கேட்டதுதான் இன்றைக்கும் குத்துகிறது. அன்று நாள் முழுக்க நடவு. முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. "நாந்தான் சேத்துலயே கெடக்கறேன். எம்புள்ளையையும் சேத்துல உக்கார வச்சிருக்கியே அக்கா?"

எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு பதில்கள் வந்தன. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தானே தமிழ் படித்தார். அப்புறம் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னையில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துவிட்டு, அந்த முறையை இங்கிலாந்து வரைக்கும் கொண்டுபோனாரே. வெள்ளைக்காரனே நம்மிடம் கற்றதுதானே இது என்று மனசுக்குள் ஒரே வாதம். பாதியில்தான் உறைத்தது. அந்தக் காலத்துத் திண்ணைகளில் எங்கள் தெருப் பிள்ளையை யார் உட்காரவிட்டிருப்பார்கள்? மண்ணில் எழுதுவது எனக்கு அழகாகத் தெரிகிறது. அவளுக்கு மண் என்றால் வேலை, இடுப்பு வலி, வரப்பில் நின்று ஏவுகிற ஆள். அவளுக்குப் படிப்பு என்றால் நோட்டு.

மறுநாள் இரண்டு காரியம் செய்தேன். பழைய பலகைகளைத் துடைத்து ஆளுக்கொன்று கொடுத்தேன், மண் பலகைமேல் மட்டும், பிள்ளை பாயில். வகுப்பு முடிந்ததும் கை கால் கழுவித் துடைத்து, அன்றைக்கு மண்ணில் செய்த எழுத்தை நோட்டில் ஒரே ஒரு தடவை எழுதவைத்தேன். அந்த நோட்டு வீட்டுக்குப் போக வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும். நின்ற மூன்று பேரில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். நண்டின் அம்மா அந்த நோட்டுக்கு ஜவுளிக்கடைப் பையை வெட்டி அட்டை போட்டுக் கொடுத்தனுப்பினாள்.

டீச்சர்மார்கள் யாரும் என்னைத் திட்ட வேண்டாம். 2022இல் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு பள்ளியிலேயே ஒன்று முதல் மூன்று வரைக்கும் பாட்டு, அட்டை, பொம்மை என்றுதான் நடத்துகிறார்கள், தெரியும். நான் சொல்வது அதற்கு முந்தைய வயசு, பால்வாடி வயசு. என்னிடம் வந்த எல்லாரும் எழுதிவிடவும் இல்லை. ஒரு பெண் வருஷம் முழுக்க மண்ணில் தோசை மட்டுமே சுட்டாள்.

இன்னொன்று, இதை மறந்துவிடாதீர்கள். ஒருநாள் மூன்று வயசு வாண்டு ஒன்று புளியங்கொட்டையை மூக்கில் திணித்துக்கொண்டது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, டாக்டர் இடுக்கி வைத்து எடுத்துக் கொடுக்கிறவரைக்கும் எனக்கு உயிர் இல்லை. மூன்று வயசுக்காரர்களுக்குக் கொட்டையே வேண்டாம், புள்ளியையும் மண்ணிலேயே உருட்டட்டும். மற்றவர்களுக்கு எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். அதிலேயே பத்து வரைக்கும் எண்ணவும் வந்துவிடும்.