8 அங்குல நியூட்டோனியன் (கண்ணாடித் தொலைநோக்கி) மீது பென்டாக்ஸ் 67 ஃபிலிம் கேமராவை மாட்ட முடியுமா?

புதுச்சேரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மாட்டலாம், ஆனால் வீண்வேலை. கேமராவை மாட்டும் ஃபோகஸர் குழாய் 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ. இந்தக் கேமராவின் 6x7 செ.மீ. ஃபிலிம் சட்டத்தின் மூலைவிட்டமோ கிட்டத்தட்ட 90 மி.மீ. மூலைகள் கருத்துவிடும். அதைவிடப் பெரிய தலைவலி, கேமராவின் லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து ஃபிலிம் வரை 85 மி.மீ. தூரம் இருப்பது. குழாயை முழுக்க உள்ளே தள்ளினாலும் பெரும்பாலும் ஃபோகஸ் எட்டாது. தொலைநோக்கியின் முதன்மைக் கண்ணாடியையே முன்னே நகர்த்த வேண்டிவரும்.

பதிலாக, 165 மி.மீ. லென்ஸோடு கேமராவைத் தொலைநோக்கி மேல் உப்புமூட்டை ஏற்றுங்கள். தொலைநோக்கியில் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தபடி, வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் மோட்டார் தாங்கியின் ஓட்டத்தைத் திருத்திக்கொள்ளலாம். ஷட்டரைத் திறக்கும் முன் கேமராவின் உள்கண்ணாடியைத் தூக்கிப் பூட்டுங்கள். அது அடிக்கும் அடியில் எல்லாமே ஆடும்.

அப்புறம், வீராம்பட்டினம் கடற்கரையில் கிழக்கு வானம் இருட்டுதான். ஆனால் பனி லென்ஸில் படியும், சூடேற்றும் பட்டை அவசியம்.