அதுதான் முடிந்துவிட்டதே

அன்புள்ள அண்ணா,

மனைவிக்குப் பிரசவமாகி ஆறு வாரம் ஆகிறது. கர்ப்ப காலத்தில் சிவப்பணுக்களுக்குள் அமினோ அமிலங்கள் போவது மாறும் என்று படித்தேன். ஆக்சிஜனைச் சுமக்கும் வெறும் பைக்கு அமினோ அமிலம் எதற்கு? இப்போது எல்லாம் பழையபடி ஆகியிருக்குமே? அமினோ அமிலப் பவுடர் கொடுக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பவுடரைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். 'வெறும் பை' என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

கல்லூரியில் என் விரலையே குத்தி, சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பார்த்தபோது நானும் அதையேதான் சொன்னேன். நடுவில் வெளிறிய வட்டங்கள். உட்கரு கிடையாது. புரதம் செய்யும் ரைபோசோமும் கிடையாது. பை என்றுதான் தோன்றும்.

ஆனால் ஓயாமல் ஆக்சிஜனோடு புழங்குகிற செல் அது. தான் சுமக்கும் இரும்பே தன்னை அரித்துவிடாமலிருக்க அதற்கு குளூட்டாதயோன் என்ற காப்புப் பொருள் வேண்டும். குளூட்டமேட், சிஸ்டீன், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலங்களையும் கோத்து அதை உள்ளேயே செய்துகொள்கிறது. சிஸ்டீனும் கிளைசினும் சவ்விலுள்ள புரதக் கதவுகள் வழியாக வர வேண்டும். குளூட்டமேட்டைச் சவ்வு லேசில் உள்ளே விடாது. குளூட்டமின் என்ற வேஷத்தில் நுழைந்து உள்ளே உருமாற வேண்டும். பையாம்!

அந்தக் கதவுகள் எலும்பு மஜ்ஜையில் செல் உருவாகும்போதே பொருத்தப்பட்டவை. பிறகு புதிதாக ஒன்றைச் செய்ய ரைபோசோம் இல்லையே. இருப்பது தேயலாம், அவ்வளவுதான்.

சரி, 'பழையபடி' என்கிறீர்கள். கர்ப்பத்தில் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா 40 முதல் 50 சதவீதம் வரை பெருகும். நஞ்சுக்கொடி அமினோ அமிலங்களைக் குழந்தைக்கு இழுத்துக்கொடுக்கும். தாயின் பிளாஸ்மாவில் பலவற்றின் அளவு குறையும். அந்த நாட்களில் உருவான சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். பிரசவமாகி 42 நாள் என்றால், கர்ப்பத்தின் கடைசி 78 நாட்களில் உருவானவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கணக்குப்படி, இப்போதுள்ள சிவப்பணுக்களில் பாதிக்கு மேல் அவைதான். ஆறு வாரத்தில் கருப்பை சுருங்கிவிடும், பிளாஸ்மாவும் இறங்கிவிடும். சிவப்பணு அப்படி அவசரப்படாது. நீங்கள் மட்டும் ஏன் அவசரப்படுகிறீர்கள்?

திட்டுவதற்கு எனக்கும் யோக்கியதை இல்லை. என் அக்கா பிரசவமான இரண்டாம் மாதத்தில் "அசதியா இருக்குடா" என்றபோது, புத்தகத்திலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் "அதுதான் முடிஞ்சுடுச்சே" என்றேன். அதற்கு அடுத்த வாரம் இதே 120 நாளைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன்.

அக்கா பதில் பேசவில்லை. குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.